நீலம் ஏறும் வீடு

2041ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். வானம் மேகமற்று அனலாக இருந்தது. ஐம்பத்திரண்டாம் வயதில் கட்டடக்கலைக் கல்லூரியில் சேர்ந்த நான், எங்கள் கடற்கரை மனையில் கட்டவிருந்த வீட்டின் அட்டை மாதிரியை இறுதித் தேர்வு மேசையில் வைத்தேன். வாசற்படியில் ஒரு காகிதப் பெண்ணை ஒட்டியிருந்தேன். அவள் என் மனைவி பிரகாசி. பிரகாசியோ பட்டுச்சேலை உடுத்தி என்னருகில் நின்றாள். தேர்வு விதிப்படி, அடுத்த முப்பது ஆண்டுகளின் கடல்மட்டத்தைக் கணினி நீல ஒளியாக மாதிரியின்மேல் பாய்ச்சியது. ஒளி படியைக் கடந்து சன்னலை மூடியது.

"மீன் வாங்க வெளிய போகவே வேணாம் அங்கிள்," என்று சிரித்தான் உடன் பயிலும் நிதர்சன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "மனையை வேற இடத்துக்கு மாத்திடுங்க. கணினியில ஒரு தட்டு தட்டினாப் போதும். நாங்க எல்லாரும் மாத்திட்டோம்."

"மாத்தினா பாஸ் போட்டுடுவேன்," என்றார் பேராசிரியர்.

"அப்ப நம்ம மனை?" என்று பிரகாசி என்னைக் கேட்டாள்.

அவள் காகிதப் பெண்ணை நகத்தால் மெல்லப் பெயர்த்து மொட்டைமாடியில் நிறுத்தினாள். நீலம் அங்கும் ஏறியது. காகிதப் பெண்ணைத் தன் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். ஒளி கையின்மேலும் விழுந்தது. பிரகாசி கையை உயர்த்தினாள், உயர்த்திக்கொண்டே இருந்தாள். பேராசிரியர் கணினியை அணைத்தபோது மணி பிற்பகல் 3.42.