வயிற்றுக்கு வந்த மாத்திரை

மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனதிலிருந்து தணிகைவேல் குனிந்த தலையோடு செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் சாயங்காலமாகியும் வயிற்றில் அப்படியே கிடந்தது.

"அரைக்கச் சொல்லி இன்னைக்கும் மேலேயிருந்து தகவலே வரலையே?" என்று வயிறு நரம்பிடம் கேட்டது.

"மூளை சொல்லிக்கிட்டுதான் இருக்கு. கழுத்தைத் தாண்டி வர முடியலை. அங்கே தசை கல்லா இறுகி என்னை நெரிக்குது" என்றது நரம்பு.

"கொஞ்சம் தளரச் சொல்லேன்."

"சொன்னேன். தலை நிமிராம நான் எப்படி விடுறதுன்னு கேக்குது. மக கூப்பிடுற வரைக்கும் தலை நிமிராதாம்."

வயிறு எரிய ஆரம்பித்தது. தணிகைவேல் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார். அது வயிற்றில் வந்து விழுந்தது.

"இப்போ ஒரு கழுத்தைத் தாண்டி வந்தியே, கோளாறு அங்கேதான். திரும்பிப் போயேன்" என்றது வயிறு.

"எனக்குக் கீழே வரத்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே மாத்திரை கரைந்துபோனது.

நேற்று வந்த மாத்திரையும் அதையேதான் சொல்லியிருந்தது.