அறுந்த கேசட்

அம்மா போன பிறகு அவள் குரல் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வீடியோ கேசட்டில்தான். "பூஞ்சை பிடிச்ச நாடா, ஒரு தடவைதான் தாங்கும்" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். மகன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தான்.

"சத்தமே வரலையேடா?" என்றார் அப்பா.

"பதிவாகுதுப்பா. அப்புறம் கேட்டுக்கலாம்."

"சாப்பிட வாங்களேன்," என்றாள் அவன் மனைவி.

"கொஞ்சம் வாயை மூடுறியா!" எரிந்து விழுந்தான்.

முடிகிற நேரத்தில் நாடா அறுந்தது. போகட்டும், பதிவாகிவிட்டதே!

பதிவானதை ஓட்டிப் பார்த்தார்கள். கேசட்டின் ஒலிக்குப் பதிலாக, மைக் வழியே அறையின் ஒலிதான் ஏறியிருந்தது. திரையில் அம்மா அவனைப் பார்த்து ஆசையாக ஏதோ சொல்ல வந்தாள். கேட்டது அவன் குரல்:

"கொஞ்சம் வாயை மூடுறியா!"

அவன் இடிந்துபோனான்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ இருந்தப்பவும் இப்படித்தானேடா."