நடுச்சரிவு

எந்திஸ் கிழவரை யாயன் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவரைத் திருடன் என்று கத்திய அன்றைக்குத்தான்.

காரூட் மலைச்சரிவில் கண்ணாடி இழைக் கேபிள் புதைத்திருந்தார்கள். மண் இம்மி நகர்ந்தாலும் அதில் ஓடும் ஒளி தடுமாறும். யாயனின் திரையில் கோடு துள்ளும். கோடு எகிறினால் சங்கை ஊதிக் கீழே உள்ள வீடுகளைக் காலி செய்யவைப்பது அவன் வேலை.

நடுச்சரிவில் மட்டும் வாரம் தவறாமல் துள்ளியது. போய்ப் பார்த்தால், கையில் மண்வெட்டியோடு கிழவர்.

"மறுபடியும் ஊருச் சரிவுல வெட்டிவேர் தோண்டுறியா? திருட்டுக் கிழவா! மண்ணு இளகி வீடுங்க மேல சரிஞ்சா யாரு பதில் சொல்றது?"

"நீதான் பொட்டி வச்சிருக்கியே தம்பி, அது சொல்லும்" என்று சிரித்தார்.

அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. சரிவு முழுக்கக் கோடு மெல்ல ஏறியது. கிழவர் தோண்டிய இடத்தில் மட்டும் அசைவே இல்லை.

யாயன் திரையைத் தட்டிப் பார்த்தான். முதலில் இளக வேண்டியதே அந்த இடம்தானே? கேபிள் அறுந்துவிட்டதா? அறுந்திருந்தால் அதற்கு அப்பால் எதுவுமே தெரியாதே!

மழை விட்டதும் மண்வெட்டியோடு ஏறினான். கிழவரின் மனைவி இமாஸ் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"தோண்டாத தம்பி! அத்தனையும் மண்ணு சரியாம புடிச்சுக்க அவரு நட்ட வேரு."

"நட்டாரா? இங்க வெறும் காட்டுப்புல்லுதானே இருக்கு?"

"புதுசு புதுசா நடுவாரு. பழசோட இலையை ஒட்ட அறுத்துடுவாரு. வெட்டிவேர்னு தெரிஞ்சா ஊரு விட்டுவைக்குமா? முத்தினதும் தோண்டி வித்துட மாட்டாங்க?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"உன் மாமனாரே வேர் யாவாரிதானே!"

யாயன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

இறங்கி வரும்போது காப்பிக்கடையில் மாமனார் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாப்ள, அந்தத் திருட்டுக் கிழவன் சரிவுல ஏதாச்சும் வேரு மிச்சம் வச்சிருக்கானா?"

'அவர் திருடனில்லை' என்று சொல்லத்தான் யாயன் வாயெடுத்தான். மேலே பார்த்தான். இமாஸ் குனிந்து புல்லை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல மாமா. திருட்டுக் கிழவன், எல்லாத்தையும் அப்பவே தோண்டி வித்துட்டான்."

சரிவின் கீழே வீடுகள் அப்படியே இருக்கின்றன.