ஈரமானியின் முள்

ஒயின் வைப்பதற்கென்று செய்த சின்னக் குளிர்பெட்டியில் தணிகாசலம் தன் சுருட்டுகளை அடுக்கியிருந்தார். உள்ளே ஈரப்பதம் அறுபத்தொன்பது சதவீதத்தில் நிற்க வேண்டும். குறைந்தால் இலை காய்ந்து வெடிக்கும், கூடினால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் ஈரத்துக்காக உள்ளே எத்தனை முறை பஞ்சை நனைத்து வைத்தாலும், அந்த அளவைக் காட்டும் ஈரமானியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்று முடிவு செய்தார். சுருட்டு ஒன்றுகூடக் குறையவில்லை. அது அவர் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. எதையும் எடுக்காமல் திறந்து பார்க்கிறவன் திருடனைவிட மோசமானவன். மாடியறையில் தங்கியிருந்த மைத்துனன் குலோத்துங்கனைக் குத்திக் குத்திப் பேசியே வெளியே அனுப்பினார். அவன் போன பிறகும் முள் இறங்கியது. வீட்டுச் சாவி ஒன்று இன்னும் அவனிடம் இருக்கும் என்றார்.

பெட்டியை நகர்த்திப் பெருக்கும்போது அவர் மனைவி விசாலம்தான் அதைப் பார்த்தாள். "பின்னாடி தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை இருக்கே, அதை நீங்க அடைக்கவே இல்லையா?"

அவர் ஒரு தக்கையைச் சீவி அதில் அழுத்தினார். முள் மெல்ல ஏறி அறுபத்தொன்பதில் நின்றது. மறுநாளும் அசையவில்லை.

"தம்பியைத் திரும்ப வரச் சொல்லட்டுமா?" என்றாள்.

"பார்க்கலாம்" என்றார்.

அவள் காய்கறி வாங்கப் போனதும் பெட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முள் அப்படியே நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து பின்பக்கம் கையை நுழைத்துத் தக்கையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விசாலம் திரும்பி வந்தபோது முள் இறங்கத் தொடங்கியிருந்தது.

"இங்க வந்து பாரு," என்று கூப்பிட்டார். "அடைச்சும் இறங்குது."