வெறும் வயிற்றோடு திரும்பியவள்

இரையோடு திரும்பும் எறும்பு வழியெல்லாம் தன் வாசனையைப் பூசிக்கொண்டே வரும். வெறும் வயிற்றோடு திரும்பும் எறும்பு எதையும் பூசாது. அந்தப் புற்றில் வாசனை பூசி வருவதுதான் மானம்.

வேலாத்தா வெல்லப்பாகுச் சட்டிக்குப் போய், இரண்டு கால்களைப் பாகிலேயே விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பினாள். முதல் நடையில் தின்று வந்து வாசனை பூசிய சொந்தங்கள் எல்லாம் அடுத்த நடையில் பாகில் செத்து மிதந்ததை அவள் பார்த்தாள். புற்றில் கேட்டவர்களிடம், "பாதி வழியிலேயே கால்மேல கல் விழுந்திருச்சு. சட்டிக்கே போகலை" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் தங்கை ராமாத்தா கிளம்பினாள்.

"பெரியம்மா மக வாசனை வருது, அத்தை மக வாசனை வருது. நம்ம சனமே அங்கதான் இருக்கு. நான் மட்டும் இங்க மண்ணு சுமக்கவா?"

வேலாத்தா நாலு காலால் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"போகாதடி! அத்தனை பேரும் பாகுல செத்து மிதக்கிறாங்க! என் கண்ணால பார்த்தேன்!"

"சட்டிக்கே போகலைன்னு நீதானே சொன்னே? உன் வாசனை இந்தப் பாதையில எங்க இருக்குக்கா? நான் தின்னுடுவேன்னு பொறாமை."

ராமாத்தா வரிசையில் கலந்துவிட்டாள்.

தான் சட்டிக்குப் போனதற்குச் சாட்சி வேண்டுமென்று, வேலாத்தா தன் வெறும் வயிற்றை அந்தப் பாதையில் அழுத்தித் தேய்த்தாள்.

பின்னால் வந்தவர்கள் முகர்ந்து பார்த்தார்கள்.

"அட, வேலாத்தாளும் பூசிட்டா! வாங்கடி சீக்கிரம்!"

வரிசை அவளைத் தாண்டி ஓடியது.