இரண்டு தலையணைகள்

முதுகெலும்பு அறுவைக்கு நாள் குறித்த அன்று டாக்டர் என் மனைவி வானதியிடம் சொன்னார்: "நாலு மணி நேரம் குப்புறப் படுக்கணும்மா. கனத்த உடம்பு. வயிறு அமுங்கினா மூச்சு முட்டும், ரத்தமும் நிறையப் போகும். வீட்ல படுத்துப் பாருங்க. முட்டினா மறைக்காம சொல்லுங்க, வேற ஏற்பாடு பண்ணலாம்." வீட்டுக்கு வந்ததும் அவள் நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணையும் இடுப்புக்குக் கீழே ஒன்றும் வைத்து, வயிறு நடுவில் தொங்கும்படி தரையில் படுத்தாள். பத்து நிமிடத்தில் முகம் கருத்துவிட்டது.

"என்னங்க, முட்டுதுங்க."

"பரோட்டா தின்னும்போது முட்டலையா?"

"போங்க, உங்களுக்கு எப்பவும் என் வயிறுதான்" என்று சிரித்துவிட்டு மறுபடி படுத்தாள். அதற்குப் பிறகு முட்டுவதாக ஒருநாளும் சொல்லவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து, "படுத்துப் பாத்தீங்களா, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். வானதி என்னைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள்.

நான் சும்மா நின்றேன். மறுநாள் அறுவை மேசையில் அவள் நாடி விழுந்தது; அவசரமாக மல்லாக்கத் திருப்பியும் உயிர் திரும்பவில்லை.

தலையணைகள் அவள் போட்ட இடத்திலேயே கிடந்தன. துக்கம் கேட்க வந்த அத்தை எடுக்கப் போனார். "இருக்கட்டும்" என்றேன். பதினாறாம் நாள் எல்லோரும் போன பிறகு அவற்றின்மேல் குப்புறப் படுத்தேன். அவள் உடம்பு பதிந்த பள்ளங்கள் என்னைவிடப் பெரியவை. கடிகாரத்தைப் பார்த்தபடி நான்கு மணி நேரம் கிடந்தேன். எனக்கு மூச்சு முட்டவில்லை.