புகையிலை எரிப்பு விழா

காட்டில் திருட்டுப் புகையிலை பெருகிவிட்டதென்று சிங்கராசா ஒரு தனித்துறையை அமைத்துக் கரடியாரை அதற்கு அதிகாரியாக்கினார். மழைக்காலம் முடிவதற்குள் அந்த வியாபாரம் ஒழியாவிட்டால் துறையையே கலைத்துவிடுவதாகவும் எச்சரித்தார். பதவி போனால் மறுபடியும் புற்றைத் தோண்டிப் பிழைக்க வேண்டுமே என்று கரடியாருக்குக் கவலை.

பிடிபட்ட மூட்டைகளை ஊரறிய எரிப்பது துறையின் வழக்கம். முதல் எரிப்புக்கு நரியும் பன்றியும் மட்டுமே வந்தன. மூன்றாவது எரிப்புக்குக் காடே திரண்டது. விலங்குகள் எல்லாம் புகை வீசும் பக்கமாகவே இடம்பிடித்து, கண்களை மூடி, ஆழ மூச்சிழுத்தன.

"அடடா, என்ன விழிப்புணர்வு!" என்று கரடியார் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள், புகையிலை கடத்தும் குரங்கு தானாகவே வந்து அவர் காலில் விழுந்தது.

"ஐயா, எரிக்கிறதை நிறுத்துங்க. நீங்க சும்மாவே புகை குடுக்கிறப்போ எங்கிட்ட எவன் வாங்குவான்? தொழிலையே விட்டுட்டேன்."

கரடியார் துள்ளி எழுந்தார். "நிஜமாவே விட்டுட்டியா? அப்போ திருட்டு வியாபாரம் ஒழிஞ்சதுன்னு ராசாவுக்கு எழுதிடலாமா?"

"தாராளமா எழுதுங்க."

அறிக்கை போனது. அகமகிழ்ந்த சிங்கராசா, இத்தனை பலன் தரும் எரிப்பை இனி வாரந்தோறும் நடத்த வேண்டுமென்று ஆணையிட்டார். கரடியார் கிடங்கைத் திறந்து பார்த்தார். ஓர் இலைகூட மிச்சமில்லை.

விழுந்தடித்துக்கொண்டு குரங்கின் மரத்தடிக்கு ஓடி, அண்ணாந்து பார்த்துக் குழைந்தார்.

"தம்பி, வாரத்துக்குப் பத்து மூட்டை வேணும்ப்பா. நீ கொண்டு வா, நாங்க பிடிச்சுக்கிறோம்."